கௌரியின் முட்டைகள் காத்திருந்த கதை

தினா, இதை ஆபீசில் உட்கார்ந்து படிக்க ஆரம்பிக்காதே. வீட்டுக்குப் போய், முகம் கழுவிக்கொண்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டுப் படி. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். கௌரிதான், "எழுதுங்க அத்தை. போன்ல சொன்னா அவரு பாதியிலயே 'சரிம்மா, சரிம்மா'ன்னு வெச்சிடுவாரு" என்றாள். இதில் அவள் உடம்பைப் பற்றிய பேச்சு நிறைய வருகிறது. அதனால் அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் முதலில் அவள் படிப்பாள். அதற்குப் பிறகுதான் உனக்கு வரும்.

போன மாதம் நம் திருப்பதி வீட்டு ஹாலில் நின்றுகொண்டு நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, நீ இத்தனை வருஷமா இதே வேலையிலதான இருக்க. உண்மையச் சொல்லு. பிரச்சனை யார்கிட்ட?" நான் பதில் சொல்லாமல், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. உனக்குச் சொல்ல வேண்டிய பதில் நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற மாதிரி இல்லை. அதற்கு எங்கள் லேபுக்குள் உன்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அது முடியாது என்பதால் இப்படி எழுத்தில் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நான் ரத்தப் பரிசோதனை வேலையை விட்டுவிட்டு இந்தக் கருத்தரிப்பு மையத்துக்கு வந்தபோது நீ சித்தூரில் ஸ்கூல் படித்துக்கொண்டிருந்தாய். உன் டீச்சர், அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டதற்கு, "முட்டை பாக்கற வேலை" என்று சொல்லிவிட்டு வந்தாய். அடுத்த வாரம் அந்த அம்மா என்னை வழியில் பார்த்து, கோழிப்பண்ணையில் முட்டை மொத்தமாக என்ன விலைக்குத் தருவீர்கள் என்று தெலுங்கில் விசாரித்தார். வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. அப்போது எனக்கும் அந்த வேலை புதுசு. சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கண்ணை மூடினால் வட்டம் வட்டமாகத்தான் தெரியும். பாகாலா தாண்டி மாந்தோப்புகள் வரும். பூ வாசனை ஜன்னல் வழியாக ஏறும். நான் பாதித் தூக்கத்தில் அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் லேபுக்கு ஜன்னல் கிடையாது. விளக்கு எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும், ஏனென்றால் முட்டைக்கு வெளிச்சம் ஆகாது. உடம்புச் சூடு எவ்வளவோ அவ்வளவு சூட்டில் மேஜை இருக்கும். இன்குபேட்டர்கள் மெதுவாக முனகிக்கொண்டே இருக்கும். செண்ட், பவுடர், பூ எதுவும் வைத்துக்கொண்டு உள்ளே போகக்கூடாது. இத்தனை வருஷமாக வேலை நாளில் நான் மல்லிகை வைத்துக்கொண்டதில்லை. அந்த அறைக்குள் போய்விட்டால் வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. ஒரு குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் எண்ணெய்க்கு அடியில் ஒரு சொட்டு. அந்தச் சொட்டுக்குள் முட்டை. சுற்றிலும் கண்ணாடி மாதிரி ஒரு ஓடு. அதைச் சுற்றி மேகம் மாதிரிச் சின்னச் சின்ன செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கௌரிக்கு முட்டை எடுத்த அன்று காலையில் நீ, நான், நகரியிலிருந்து வந்த கஸ்தூரி மூன்று பேரும் வெளியே ஹாலில் உட்கார்ந்திருந்தோம். கஸ்தூரி தன் மகள் கௌரிக்காகத் தூக்கில் ரசஞ்சாதம் கொண்டுவந்திருந்தாள். அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நீ போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாய். கௌரியை உள்ளே அழைத்துப் போனதும் நானும் கை கழுவிக்கொண்டு லேபுக்குப் போனேன். நான்தான் அந்த லேபில் மூத்தவள். ஆனால் அன்று முட்டைகள் வைக்கிற சின்னத் தட்டை, அந்த டிஷ்ஷை, நான் தொடவில்லை. என் கூட வேலை செய்கிற சுனீதாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன், நீதான் செய்ய வேண்டும், நான் சாட்சி நிற்கிறேன் என்று. ஒவ்வொரு டிஷ்ஷையும் ஒருவர் எடுக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒருவருடையது இன்னொருவருக்கு மாறிவிடக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. எத்தனையோ பெண்களின் பெயரைப் படித்திருக்கிறேன். அன்று கௌரி என்று படித்து, அதற்குக் கீழே உன் பெயரைப் படித்தபோது என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. சுனீதா திரும்பிப் பார்த்தாள்.

மேகத்தை விலக்கி ஒவ்வொரு முட்டையாகச் சுத்தம் செய்தபோது பெரும்பாலானவற்றின் நடுவில் பெரிய வட்டம் ஒன்று இருந்தது. அந்த வட்டம் தெரிந்தால் முட்டை இன்னும் விழிக்கவில்லை என்று அர்த்தம். ஜி.வி. என்று நாங்கள் சொல்வோம். சுனீதா ஒவ்வொன்றாகப் பார்த்து ஜி.வி., ஜி.வி. என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒன்றின் ஓரத்தில் சின்னத் துளி ஒட்டிக்கொண்டிருந்தது. "ஒகட்டே அக்கா" என்றாள். ஒன்றே ஒன்றுதான்.

அந்த வட்டம் என்ன, அந்தத் துளி என்ன என்று தெரிந்தால்தான் உன் கேள்விக்குப் பக்கத்தில் போக முடியும். மியாசிஸ் என்று நீ இன்டரில் படித்திருக்கிறாய். தமிழில் குன்றல் பிரிவு என்பார்கள். பரீட்சைக்கு அந்தப் படத்தை நான்தான் உனக்கு நாலைந்து தடவை வரைந்து காட்டினேன். படத்தில் எல்லாம் அடுத்தடுத்து நடக்கிற மாதிரி இருக்கும். முட்டையில் அப்படி நடப்பதில்லை. பெண் குழந்தை தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டைகள் உண்டாகிவிடுகின்றன. உண்டானதும் பிரிகிற வேலையைத் தொடங்கிவிடுகின்றன. தாய்வழி வந்த குரோமோசோமும் தகப்பன்வழி வந்த குரோமோசோமும் ஜோடி சேருகின்றன. தங்களுக்குள் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக்கொள்கின்றன. அதற்குப் பிறகு விலக வேண்டியதுதான் பாக்கி. அந்த இடத்தில் முட்டை அப்படியே நின்றுவிடுகிறது. குழந்தை பிறக்கிறது, தவழ்கிறது, ஸ்கூலுக்குப் போகிறது, பெரியவளாகிறது. உள்ளே அது அதே இடத்தில் நிற்கிறது. சும்மா நிற்பதில்லை. சுற்றியிருக்கிற செல்கள் மிக நுணுக்கமான வழிகளில் ‘இப்ப வேணாம், இப்ப வேணாம்’ என்ற சேதியை ஓயாமல் அதற்குள் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சேதி வருகிறவரை முட்டையும் தன்னைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

பிறகு ஒரு மாதம், ஒரு நாள், மூளைக்கு அடியிலிருந்து ஹார்மோன் ஒன்று ரத்தத்தில் பொங்கி வருகிறது. அந்தச் சேதி நின்றுபோகிறது. முட்டை விழிக்கிறது. நடுவிலிருந்த வட்டம் கரைந்துவிடுகிறது. வருஷக்கணக்காக ஜோடியாக நின்றவை பிரிகின்றன. வேறு எந்தச் செல்லும் சரிபாதியாகப் பிரியும். முட்டை மட்டும் பாதி குரோமோசோமைச் சின்னத் துளி ஒன்றில் வைத்து ஓரமாக வெளியே தள்ளிவிட்டு, சேர்த்து வைத்த சாப்பாடு முழுவதையும் பிறக்கப்போகிற குழந்தைக்காகத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. சுனீதா பார்த்த துளி அதுதான். இவ்வளவும் செய்துவிட்டு முட்டை மறுபடியும் நிற்கிறது. இந்தத் தடவை அது காத்திருப்பது இன்னொருவர் வருவதற்கு. வராவிட்டால் அந்த வேலை முடியாமலே போய்விடும்.

மருத்துவமனையில் கௌரிக்குப் போட்ட கடைசி ஊசி அந்த ஹார்மோனுடைய வேலையைச் செய்வதற்குத்தான். சில உடம்புகளில் ஊசி சொல்கிற சேதி எல்லா முட்டைக்கும் போய்ச் சேருவதில்லை. ஏன் என்று கேட்டால் டாக்டருக்கும் முழுசாகத் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த ஒரு முட்டைக்குள் சுனீதா உன்னுடைய விந்தணு ஒன்றைச் செலுத்தினாள். மெல்லிய கண்ணாடி ஊசி ஓட்டைத் துளைத்து உள்ளே போகும். உள்சுவர் கொஞ்ச தூரம் ரப்பர் மாதிரி கூடவே போய், பிறகு விட்டுக்கொடுக்கும். நான் திரையில் பார்த்துக்கொண்டு நின்றேன். டிஷ்ஷை இன்குபேட்டரில் வைத்துக் கதவைச் சாத்தினாள். "அக்கா, மீறு பயிட்டிக்கு வெள்ளண்டி" என்று என்னை வெளியே போகச் சொன்னாள். போனேன்.

நீ கௌரியின் பக்கத்தில் இருந்தாய். கஸ்தூரி வெளியே வேப்பமரத்தடியில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். மரத்துக்கு மேலே மலை தெரிந்தது. வெயில் ஏறி, மலை நீலமும் சாம்பலுமாக, பக்கத்தில் இருக்கிற மாதிரியும் தூரத்தில் இருக்கிற மாதிரியும் இருந்தது.

"எத்தினி வந்துச்சிக்கா?" என்றாள்.

"தயாரா இருந்தது ஒன்னுதான். மத்ததெல்லாம் இன்னும் தூங்குது."

"தூங்குதுன்னா?"

உனக்கு மேலே எழுதியதை அவளுக்கு அவள் பேச்சில் சொன்னேன். கௌரி அவள் வயிற்றில் இருக்கும்போதே உண்டானவை அவை என்றதும், கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் பவர்லூம்லதானக்கா வேல செஞ்சிக்கினு இருந்தேன். எட்டாம் மாசம் வரைக்கும் தறியாண்ட நின்னுக்கினேதான் இருந்தேன். ஒரே சத்தமா இருக்கும். அந்தச் சத்தம் அதுங்களுக்கும் கேட்டுருக்குமா?"

"அதுக்கெல்லாம் காது இல்ல, கஸ்தூரி."

"சரியா துன்னலக்கா அப்போ. வாந்தி. நான் ஒழுங்கா துன்னுருந்தா இதுங்க இப்ப நல்லா எழுந்துருக்குமோ என்னமோ."

"அப்படி இல்ல. நீங்க எதுவும் கொறை வெக்கல. நல்லா சாப்ட்டவங்க பொண்ணுங்களுக்கும் இப்படி ஆவுது. நான் தெனம் பாக்கறேன்."

"நீங்க சொல்றீங்க. மனசு கேக்க மாட்டேங்குதே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே லேசாகச் சிரித்தாள். "எங்க வூட்டுக்காரரு சாயங்காலம் வரசொல்ல கொடுக்காப்புளி வாங்கியாருவாரு. அது ஒன்னுதான் வவுத்துல நிக்கும். அதையே துன்னுக்கினு இருப்பேன். அப்ப அந்த ருசி இதுங்களுக்கும் கொஞ்சம் போயிருக்கும் இல்லக்கா?"

போயிருக்கும் என்றேன். லேபில் வேலை செய்கிறவள் அப்படிச் சொல்லக்கூடாது. சொன்னேன்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து படுத்தபோது ஒரு கனவு கண்டேன். உங்கள் நிச்சயத்துக்கு நகரி போனபோது கஸ்தூரி என்னைத் தன் தறி ஷெட்டுக்குக் கூட்டிப் போயிருந்தாள். அப்போது கரண்ட் இல்லை. தறிகள் எல்லாம் பாதி நெய்த துணியோடு நின்றுகொண்டிருந்தன. பெண்கள் ஆங்காங்கே கால் நீட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கனவில் அதே ஷெட்தான் வந்தது, ஆனால் கோடி தெரியாத நீளத்துக்கு. ஒவ்வொரு தறிக்கும் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் அவசரம் இல்லை. எங்கேயோ தூரத்தில் ஒரே ஒரு தறி மட்டும் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. எது என்று தேடிக்கொண்டே நடந்தேன். எழுந்தபோது பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. மனசு பஞ்சு மாதிரி இருந்தது.

மறுநாள் காலை சுனீதா எனக்கு முன்னால் லேபுக்கு வந்திருந்தாள். "சூடண்டி" என்று, என்னைப் பார்க்கச் சொல்லி நாற்காலியை விட்டு எழுந்தாள். பார்த்தேன். முட்டைக்குள் இரண்டு வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று உன்னுடையது, ஒன்று கௌரியுடையது. ஓரத்தில் இப்போது துளியும் இரண்டாகியிருந்தது. அதாவது முட்டை பாக்கி வைத்திருந்த வேலையையும் முடித்துவிட்டது.

ராத்திரி அது என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஹைதராபாத்தில் பயிற்சிக்குப் போனபோது ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். எலியின் முட்டைக்குச் சாயம் ஏற்றி எடுத்தது. விந்தணு உள்ளே போனதும், அது கொண்டுவந்த ஏதோ ஒரு பொருள் முட்டைக்குள் பூட்டிக் கிடக்கிற கால்சியத்தை அவிழ்த்துவிடுகிறது. ஒரு ஓரத்தில் வெளிச்சம் கிளம்பி மறு ஓரம் வரை போய் அடங்குகிறது. கொஞ்ச நேரம் இருட்டு. மறுபடி ஒரு அலை. ஏர்பேடு பக்கம் ரயிலில் போகும்போது நெல்வயலில் காற்று இந்த ஓரத்தில் நுழைந்து அந்த ஓரத்தில் போய்ச் சேருவதைப் பார்த்திருக்கிறாயே, அப்படித்தான் இருக்கும். மணிக்கணக்காக அந்த அலைகள் வந்துகொண்டே இருக்கும். முதல் அலையிலேயே முட்டை தன் ஓட்டை இறுக்கிக்கொள்கிறது, இன்னொரு விந்தணு உள்ளே வந்துவிடாதபடி. பிறகு தன்னிடமிருக்கிற குரோமோசோமில் மறுபாதியையும் வெளியே அனுப்பி, வந்தவருக்கு இடம் கொடுக்கிறது. படம் முடிந்து விளக்கு போட்டபோது அறையில் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் அதுவரை முட்டை என்பது ஏதோ நடக்கிறவரை சும்மா இருக்கிற ஒன்று என்று நினைத்திருந்தேன். அதற்குத் தன்னை நிறுத்தி வைத்துக்கொள்ளவும் தெரிந்தது, கிளம்பவும் தெரிந்தது, கதவைச் சாத்தவும் தெரிந்தது.

உனக்குப் போன் செய்தேன். நீ, "அம்மா, ரெண்டு வட்டமும் ஒரே சைஸா இருக்கா?" என்று கேட்டாய். ஒன்று கொஞ்சம் பெரிசு என்றேன். "அது அவளோடதுதான்" என்றாய். உன் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் கேட்டேன். அந்த இரண்டு நாள் வீடு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். கௌரி கட்டிலில் சாய்ந்துகொண்டு, கஸ்தூரி சொன்ன கொடுக்காப்புளிக் கதையை உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போய் கடை கடையாகத் தேடினாய். சீசன் இல்லை என்று கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு வந்தாய்.

அது இரண்டானது. நாலானது. அதோடு நின்றுவிட்டது. அடுத்த நாள் பார்த்தபோதும் நாலாகவே இருந்தது. ஓரங்கள் கருத்துக்கொண்டு வந்தன. தூங்கிக்கொண்டிருந்த மற்றவையும் விழிக்கவில்லை. நானே டாக்டரம்மாவோடு வந்து உங்கள் இரண்டு பேரிடமும் சொன்னேன். கௌரி தலையை ஆட்டிக்கொண்டாள். நீ நன்றி டாக்டர் என்றாய்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். கௌரி பக்கத்து அறையில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது, ஆனால் நம் வீட்டுக் கதவுகள் எவ்வளவு மெல்லியவை என்று உனக்குத் தெரியும். மறுநாள் ஆபீஸில் முக்கியமான வேலை என்று பெங்களூர் கிளம்பிவிட்டாய். அவள் நகரிக்குப் போனாள். அதற்குப் பிறகு நீ தினமும் அவளுக்கு மெசேஜ் அனுப்புகிறாய் என்று தெரியும். சாப்பிட்டாயா, தூங்கினாயா, மாத்திரை போட்டாயா. அவளும் பதில் போடுகிறாள். அவ்வளவுதான்.

இப்போது உன் கேள்வி. அந்த நாலு செல் ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது, தினா. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். கரு முதல் இரண்டு மூன்று நாள் வாழ்வது முழுக்க முழுக்க முட்டை சேர்த்து வைத்த கட்டுச்சோற்றில்தான். அதுவரை உன் பாதியும் வேலை தொடங்குவதில்லை, அவள் பாதியும் தொடங்குவதில்லை. நாலு செல்லுக்கும் எட்டு செல்லுக்கும் நடுவில்தான் இரண்டு பாதிகளும் முதல்முறையாகச் சேர்ந்து பேச ஆரம்பிக்க வேண்டும். இது நின்றது சரியாக அந்த இடத்தில். கட்டுச்சோறு போதவில்லையா, உன் பக்கம் எழும்பவில்லையா, அவள் பக்கம் எழும்பவில்லையா, இரண்டும் எழும்பியும் ஒன்றுக்கொன்று புரியவில்லையா என்று எந்த மைக்ராஸ்கோப்பிலும் தெரியாது. தூங்கிய முட்டைகளைப் பற்றிக் கேட்டால், அவை கௌரி பிறப்பதற்கு முன்பே அந்த இடத்தில் வந்து நின்றவை. அவற்றை நிறுத்தியதும் அவள் இல்லை, எழுப்பாமல் விட்டதும் அவள் இல்லை. ஊசிக்கு எழாத முட்டை உள்ளவர்களுக்கு வேறு மருந்து, வேறு முறை என்று டாக்டர்கள் முயற்சி செய்கிறார்கள். சிலருக்கு எழுகிறது. சிலருக்கு எழுவதில்லை. இதில் யார் பெயரையும் எழுத ஒரு இடமும் இல்லை.

உன் நைனாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு முன்னால் எனக்கு இரண்டு தடவை கலைந்தது. உனக்கு இது தெரியாது. சொல்கிற சந்தர்ப்பம் வரவில்லை. அப்போது சித்தூரில் ரயில்வே கேட் பக்கத்தில் குடியிருந்தோம். அவர் தினமும் பாகாலா ஸ்டேஷனுக்கு வேலைக்குப் போய் வருவார். இரண்டாவது தடவை ஆனதும் புத்தூரிலிருந்து உன் பெரிய அத்தை வந்தார். நான் உள்ளே படுத்திருந்தேன். உன் நைனா வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அத்தை நேராகவே கேட்டார். "ஏன்டா, கோளாறு யாராண்ட? டாக்டரு இன்னா சொன்னாரு?"

பம்பு நிற்கவில்லை. "என்னாண்டதான்க்கா. எனக்குத்தான் ஒடம்புல சத்து இல்லன்னு சொல்லிட்டாரு" என்றார்.

டாக்டர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை அதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்த மாதமே அவருக்கு லேகியம் கிண்டி அனுப்பினார். அவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. "ஏன் இல்லாததச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கேக்கறவங்களுக்கு ஒரு பேரு வேணும். பேரு கெடச்சா போய்க்கினே இருப்பாங்க. உன் பேர நான் ஏன் குடுக்கணும்?" என்றார்.

"யார் பேரும் இல்லன்னு சொல்லியிருக்கலாமே."

"அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் இல்ல" என்றார்.

அவர் மேல் எனக்கு இருக்கிற அன்பெல்லாம் அந்த நாளிலிருந்து கணக்கு வைத்தால்கூடப் போதும். ஆனாலும் அந்தப் பொய் எனக்குள் ஓரமாக உறுத்திக்கொண்டே இருந்தது. யாரோ ஒருவர் மேல் பழி இருந்தாக வேண்டும் என்பதை அவரும் ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. அடுத்த வருஷம் நீ வந்தாய். ஏன் அந்தத் தடவை மட்டும் கலையாமல் நின்றது என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காரணம் தெரியாமல் வந்தவன் நீ. அப்போது மட்டும் காரணம் தெரியாததை யாரும் பிரச்சனை என்று சொல்லவில்லை.

போன வாரம் நகரிக்குப் போனேன். கௌரி உள்ளறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை செய்துகொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். பக்கத்துத் தெருவில் தறிச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குத்தான் அது பெரிதாகக் கேட்டது, அவளுக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. கஸ்தூரி தட்டில் முறுக்கு வைத்துவிட்டு, எங்களைத் தனியாக விட வேண்டும் என்று கடைக்குப் போய்விட்டாள். முட்டைகளைப் பற்றி இங்கே உனக்கு எழுதியிருப்பதை எல்லாம் அன்று அவளிடமும் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கேட்டாள்.

"அப்ப அதுங்க எல்லாம் நான் ஸ்கூல் போகும்போதும் என் கூடவே வந்துக்கினு இருந்துச்சா அத்தை?"

"ஆமா."

"எனக்குத் தெரியவே தெரியாது." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஏதோ பழைய தோழிகளைப் பற்றிக் கேள்விப்பட்ட மாதிரி முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

பிறகு உன்னைப் பற்றிப் பேசினாள். அதை அப்படியே எழுதச் சொன்னாள். "எனக்கு அவர் மேல கோவம் இல்ல அத்தை. அவரும் பாவம், அன்னிக்கு ஒடஞ்சிதான் போயிருந்தாரு. ஆனா அந்தக் கேள்விய அவரு என்கிட்ட கேட்டிருக்கலாம். நானும் அதையேதான் யோசிச்சிக்கினு இருந்தேன். ரெண்டு பேரும் சேந்து யோசிச்சிருப்போம். பக்கத்து ரூம்ல நான் இருக்கேன், அவரு உங்ககிட்ட கேக்கறாரு. அப்ப நான் யாரு?"

அது எனக்கான கேள்வி இல்லை.

இன்னொரு தடவை முயற்சி செய்வதா வேண்டாமா என்று நான் அவளிடம் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கப்போவதில்லை. செய்வதாக இருந்தால் எங்கள் மையத்துக்கே வர வேண்டும் என்பதும் இல்லை. வந்தால் சாட்சி நிற்பேன். வராவிட்டால் உங்கள் வீட்டுக்கு வந்து ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போவேன். குழந்தை வேண்டும் என்பது எனக்கு இல்லாத ஆசை இல்லை. ஆனால் அந்த ஆசையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்க மாட்டேன்.

கௌரி ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் வருகிறாள். யாரும் சொல்லி வரவில்லை, அவளாகவே டிக்கெட் எடுத்தாள். சித்தூர் வழியாக வருகிற பஸ். உனக்கு மெசேஜ் போட வேண்டாம், அத்தை எழுதும்போதே எழுதிவிடட்டும் என்றாள். நீ பஸ் ஸ்டாண்டுக்குப் போ. பையை வாங்கிக்கொள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதை எல்லாம் விட்டுவிடு. அதற்குப் பதில் அவளுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும், என்னிடம் கேட்டதை அவளிடம் கேள். அதே வார்த்தையில் வேண்டாம். உன் வார்த்தை எதுவோ அதில் கேள். அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். சொல்லும்வரை எழுந்து போகாதே.